பார்த்தே இராத பாடகருக்காக அப்பா அழுகிறார், இது நோயா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கஞ்சிக்கோட்டு ரோலிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உங்கள் அப்பாவுக்கு 62 வயது. 2025 ஜூலை 22 அன்று பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறந்த செய்தி வந்ததிலிருந்து மாடி அறையிலேயே இருக்கிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுகிறார், கூப்பிட்டால் எரிந்து விழுகிறார். "அப்பாரு செத்தப்பக்கூட அழாத மனுசன், எவனோ வெள்ளக்காரனுக்கு அழறாரு" என்று அம்மா சொல்கிறார். அது சாத்தான் பாட்டு, அதனால்தான் புத்தி இப்படிப் போகிறது என்கிறார் சித்தப்பா. அப்பாவுக்கு மனநோயா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். முகம் பார்த்துப் பேசியே இராத ஒருவருக்காக இவ்வளவு துக்கம் வருமா, வந்தால் வீட்டிலிருப்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று படுகிறது.

நான் பாலக்காட்டில் மனநல ஆலோசகராகப் பல வருடமாக வேலை செய்கிறேன். சாவு விழுந்த வீடுகளில் இருப்பவர்களோடு பேசுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. ராக் இசை எனக்குப் பழக்கமில்லை, பழைய தமிழ்ப் பாட்டோடு நின்றுபோன ஆள் நான். ஆளைப் பார்க்காமல் நோய் உண்டு, இல்லை என்று கடிதத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

துக்கத்துக்கு முன்னால் ஒரு அவசர விஷயம். அப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்ன மாத்திரை என்று இன்றே அட்டையைப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சு குழறும். நீங்கள் சொல்லும் எரிச்சலில் ஒரு பங்கு இதனால்கூட இருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அவர் எரிந்து விழும் நேரத்தில் ஒருமுறை குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று டாக்டரிடம் போன் போட்டுச் சொல்லுங்கள். மனசைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சரி, துக்கத்துக்கு வருவோம். பார்த்திராதவருக்காகத் துக்கம் வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருபவர்களோடு மக்கள் நேரில் பழகியவர்களைப் போல ஒட்டிக்கொள்வதை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அந்த உறவு ஒருபக்கமானது, இவரை அவருக்குத் தெரியாது. ஆனாலும் இவர் பக்கத்தில் இருக்கும் பாதி பொய்யில்லை. நாற்பது வருடம் ஒரே குரலைக் கேட்டிருக்கிறார். அத்தனை வருடம் விடாமல் கூடவே வந்த சொந்தக்காரர் நம் வீடுகளில் எத்தனை பேர்?

ஏன் இந்தக் குரல், அவர் வாழ்க்கையில் வேறு பாட்டே கேட்டதில்லையா என்று கேட்கலாம். பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் வயதானபின் அதிகமாக, தெளிவாக நினைவுக்கு வருகின்றன என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த வயதில் கேட்ட இசையும் அப்படியே. இதுவரை உறுதி. காரணம் என்ன என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. மூளை அந்த வயதில் அப்படி என்கிறார்கள் சிலர், எல்லாமே முதல்முறை நடக்கும் வயது அது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கும், ஆனால் அது என் சாய்வு மட்டுமே.

நீங்கள் எழுதியதில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் அந்த கேசட். போத்தனூர் ரயில்வே காலனி நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கி, கோயம்புத்தூரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வெற்றுக் கேசட் கொடுத்துப் பதிந்த 90 நிமிட டேப், அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் பாட்டு வரிசை, இன்றும் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது என்றீர்கள். இன்றைக்குப் போனில் எல்லாம் வந்துவிடுகிறது. அன்றைக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்துப் போய், டேப்பைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி போய் வாங்கிவர வேண்டும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வாங்கியது மனசில் லேசாகவா உட்காரும்?

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் கடிதத்துக்காக இந்தக் குழுவைப் பற்றித் தேடிப் படித்தேன். பிளாக் சபாத்தின் நால்வரும் பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற தொழிற்சாலைப் பகுதிப் பையன்கள். ஓஸியின் அப்பா பட்டறைத் தொழிலாளி. கார் ஹாரன் செய்யும் ஆலையில் ஹாரன்களுக்குச் சுருதி சேர்ப்பது ஓஸி பார்த்த முதல் வேலைகளில் ஒன்று. பிறகு கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார். கிட்டார்க்காரர் டோனி அயோமிக்குப் 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய தந்தி போட்டார், பின்னாளில் சுருதியையும் இறக்கிக் கட்டினார். அந்த இசையின் கனத்த ஒலிக்கு அந்த இறக்கமும் ஒரு காரணம். ரோலிங் மில்லில் சிவந்த கம்பி பாய்ந்து வருகிற இடத்தில் நின்று வேலை பார்த்த ஒருவருக்கு இந்தக் கதை எப்படிக் கேட்டிருக்கும் என்று உங்கள் சித்தப்பாவை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கஞ்சிக்கோட்டு ஆலைத் தொழிலாளி பர்மிங்காம் ஆலைத் தொழிலாளியின் மகனுக்காக அழுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி அம்மா சொன்னதற்கு வருகிறேன். கோபத்தில் சொன்னாலும் அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. தாத்தா இறந்தபோது உங்கள் அப்பா மூத்த மகன். பந்தல்காரர், பறைக்காரர், ஆம்புலன்ஸ், சொந்தக்காரர்களுக்குத் தகவல், கொள்ளி வைப்பது, பேரூரில் சாம்பல் கரைப்பது, பதினாறாம் நாள் சாப்பாடு என்று எல்லாம் அவர் தலையில். அழ நேரம் ஏது? மூத்த மகன்களிடமும் மூத்த மருமகள்களிடமும் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பல வருடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஒரு சாவுக்கு உடைந்து போவார்கள். பேசவிட்டால் அரை மணி நேரத்தில் பேச்சு பழைய சாவுக்குப் போய்விடும். ஆனால் இது ஆலோசனை அறையில் உட்கார்ந்து நான் கண்டது. அடக்கிய துக்கம் பின்னால் கட்டாயம் வெடிக்கும் என்ற கருத்தை ஆய்வுகள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. அழாதவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருந்துவிடுகிறார்கள். அதனால் உங்கள் அப்பா இப்போது தாத்தாவுக்காகத்தான் அழுகிறார் என்று நீங்களாக முடிவுகட்டி அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவர் ஓஸிக்காகவே அழுதுகொண்டிருக்கலாம்.

எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிவது இது எதுவும் இல்லை. துக்கம் விசாரிக்க அவருக்கு ஒரு ஆள்கூட வரவில்லை, அதுதான். 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பாலசுப்ரமணியம் இறந்தார். கொரோனா காலம், கூட்டம் கூடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரிக்காரர், சித்தூர் போகும் வழியில் கடை, கல்லாவுக்கு மேலே எஸ்.பி.பி. படத்தை மாட்டி, மல்லிகைச் சரம் போட்டு, நாளெல்லாம் அவர் பாட்டையே ஓடவிட்டார். பார்சல் வாங்க வந்தவர்கள் முகக்கவசத்தோடு நின்றபடி ஆளுக்கொரு பாட்டைச் சொன்னார்கள். தமிழர்கள் தமிழ்ப் பாட்டை, மலையாளிகள் மலையாளப் பாட்டை. பேக்கரிக்காரர் தேங்காய் பன்னைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே அழுதார், யாரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாவுக்கு எப்படி அழுவது என்று தெரியும். நாற்சந்தியில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள், வாட்ஸப்பில் எல்லோரும் படத்தை மாற்றினார்கள். உங்கள் அப்பாவின் ஆளுக்கு வேலந்தாவளத்திலோ மேனோன்பாறையிலோ யார் ஃபிளெக்ஸ் வைப்பார்கள்?

ஊர் ஒத்துக்கொள்ளாத துக்கம் என்று ஒரு வகையை கென்னத் டோக்கா 1989-ல் எழுதினார். விவாகரத்தான கணவர் இறந்தால், வளர்த்த நாய் செத்தால், கருவிலேயே குழந்தை போனால் என்று அவர் காட்டும் உதாரணங்களில் எல்லாம் துக்கம் இருக்கும், அதற்கான உரிமையை மட்டும் சுற்றியிருப்பவர்கள் தர மாட்டார்கள். "இதுக்குப் போயி அழறியா?" என்பார்கள். அப்படிக் கேட்டதும் அழுகிறவர் கதவைச் சாத்திக்கொள்வார். மாடி அறைக் கதவு சாத்தியிருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

வெளிநாட்டில் இப்படிப்பட்ட சாவுக்கு ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் பாடகர் ஜான் லென்னன் 1980 டிசம்பர் 8 அன்று கொல்லப்பட்டபோது இறுதிச் சடங்கே நடத்தவில்லை. அவர் மனைவி யோகோ ஓனோ டிசம்பர் 14 அன்று பத்து நிமிடம் மௌனமாக இருக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பெருங்கூட்டம் கூடியது, வானொலி நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்தின. இந்த முறை ஜூலை 30 அன்று பர்மிங்காமில் ஓஸியின் உடல் ஊர்வலமாக வந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் வாசித்துப் போனார்கள். அவர்கள் குழுவின் பெயரையே வைத்திருக்கும் பாலத்தில் வண்டியை நிறுத்தி, ரசிகர்கள் குவித்திருந்த பூக்களைக் குடும்பத்தார் இறங்கிப் பார்த்தார்கள். முன்னால் மேளம், பின்னால் வண்டி, இருபக்கமும் ஊர்ச் சனம். நம் ஊர் எடுப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்றவர்களுக்குப் பக்கத்தில் தோள் இருந்தது. உங்கள் அப்பா அதே வீடியோவைப் போனில் தனியாகப் பார்த்திருக்கிறார்.

அதற்கு முன்பு ஜூலை 5 அன்று நடந்த கடைசிக் கச்சேரியை நீங்கள்தான் காசு கட்டி அவருக்குப் போட்டுக் கொடுத்தீர்கள், ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2005-க்குப் பிறகு நால்வரும் ஒன்றாக மேடையேறியது அன்றுதான். ஓஸிக்கு பார்க்கின்சன் நோய் என்பது 2020-லேயே ஊருக்குத் தெரியும். நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். பதினேழே நாளில் போய்விட்டார். உங்கள் அப்பா போன வருடம்தான் ஓய்வு பெற்றார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். தான் இருபது வயதில் பார்த்த மனிதன் எழுந்து நிற்க முடியாமல் இருப்பதை 62 வயதில் பார்ப்பதற்கு ஒரு கனம் உண்டு. இது என் ஊகம். அவரே சொன்னால்தான் உண்மை.

சித்தப்பாவின் சாத்தான் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். குழுவின் பெயர் 1963-ல் வந்த ஒரு பேய்ப்படத்திலிருந்து எடுத்தது. பெரும்பாலான பாட்டுகளை எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர், போருக்கு எதிராக எழுதியவர். அவர்கள் கழுத்தில் போட்டிருந்த சிலுவைகளை ஓஸியின் அப்பாவே செய்து கொடுத்தார். அமெரிக்காவில் ஓஸியின் பாட்டைக் கேட்டுத்தான் மகன் தற்கொலை செய்துகொண்டான் என்று ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 1988-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. இந்த வகை இசை ஆளைக் கெடுக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர்கள் சிலர் இதைத் தேடிப் போகிறார்கள் என்று சொல்லலாம், அது வேறு விஷயம். ஆஸ்திரேலியாவில் 2015-ல் இத்தகைய இசை கேட்கும் 39 பேரை வேண்டுமென்றே கோபப்படுத்திவிட்டுப் பாட்டுக் கேட்க வைத்தார்கள். கோபம் ஏறவில்லை, மனம் தெளிவானதாகச் சொன்னார்கள். 39 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அப்புறம், துக்கத்துக்கு ஐந்து படி என்று வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றுமே, அதை வைத்தும் அப்பாவை அளக்காதீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது சாகக் கிடக்கிற நோயாளிகளைப் பற்றி. துக்கப்படுகிறவர்கள் அந்த வரிசையில் படியேறுவதில்லை.

நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் ஒரு நோயாகவே இருக்கிறது. ஆனால் குறைந்தது ஆறு மாதமாவது தாண்டியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையும் முடங்கியிருக்க வேண்டும். அதுவும் நெருங்கியவர் இறந்தால்தான். பாடகர் அந்தக் கணக்கில் வருவாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருந்தாலும் மூன்று வாரத் துக்கத்துக்கு அந்தப் பெயரை யாரும் வைக்க முடியாது. நான் கவனிக்கச் சொல்வது மனச்சோர்வை. அது இரண்டு வாரத்திலேயே தெரியத் தொடங்கும். துக்கம் அலையலையாக வரும், நடுவில் பழைய கதை ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. எதிலும் பிடிப்பு இல்லாமல், பாட்டும் வேண்டாம் என்று, தான் எதற்கும் லாயக்கில்லை என்று பேசத் தொடங்குவார். உங்கள் அப்பா இன்னும் பாட்டுக் கேட்கிறார் என்பது எனக்கு நல்ல அறிகுறியாகவே படுகிறது. ஹெட்போனைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டால்தான் எனக்குக் கவலை.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்து தூக்கம் போய்விட்டாலோ, குடி புதிதாகத் தொடங்கினாலோ கூடினாலோ, "இனி இருந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அப்படிப் பேச்சு வந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, இது நன்றாக ஆராய்ந்து பார்த்த விஷயம். ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்துக்குள் இருப்பதால் திஷா 1056 என்ற மாநில உதவி எண்ணும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவார்கள், எந்த நாள் என்று ஓபி சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அந்த நிலை இல்லையென்றால், நீங்கள் மாடிக்குப் போங்கள் அம்மணி. டீயும் முறுக்கும் எடுத்துக்கொண்டு போங்கள், அந்தச் சாக்கில் வயிற்றுக்கும் ஏதாவது போகும். "எதுக்குப்பா அழறீங்க?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரிடம் பதில் இருக்காது. "இவரு பாட்ட மொதல்ல எங்கப்பா கேட்டீங்க?" என்று கேளுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். சத்தம் தாங்க முடியாமல் இருக்கலாம், ஒரு பாட்டு உட்கார்ந்து கேளுங்கள். பிடித்ததாக நடிக்க வேண்டாம், அவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் போத்தனூர் நண்பர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால், நீங்கள் பேசும் எந்த ஆறுதலையும்விட அவரிடமிருந்து வரும் ஒரு போன் அதிகம் செய்யும். அவருக்கும் இந்த மூன்று வாரமாக ஒருத்தரும் போன் செய்திருக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டியிருக்கும். அவர் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. மாமனாரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவர் அவர்தானே, அந்தச் சாவுக்கு அழாதவர் இதற்கு அழுதால் அவருக்கு எப்படி இருக்கும்? கிண்டலை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள், போதும். ஓஸியைப் புரிந்துகொள்ளச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டியதில்லை.

படம் வைத்து விளக்கேற்றலாமா, பாட்டி சாமி அறையில் வைக்கக் கூடாது என்கிறாரே என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பாட்டி சொல்வது சரிதான், சாமி அறை வேண்டாம். ஹாலில் டிவி பக்கத்தில் வைக்கலாம், ஆனால் அப்பாவிடம் கேட்டுவிட்டு. அவருக்குத் தெரியாமல் மாலையும் போட்டு ஆச்சரியப்படுத்துகிறேன் என்று இறங்காதீர்கள், கேலி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். எந்தப் படம் என்பதையும் அவரே சொல்லட்டும், அந்த ரசிகர்களுக்கு அதில் கறாரான அபிப்பிராயம் இருக்கும்.

மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுப் பெயரை இங்கேயே கீழே எழுதுங்கள், இன்று ராத்திரி வரை இருப்பேன்.